குண்டு விழுந்த தூரம்

கடலூருக்குக் கிழக்கே, கெடிலம் கடலைத் தொடுகிற இடத்தருகே தேவனாம்பட்டினம் இருக்கிறது. இன்று அது வெள்ளிக் கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுண்டலும் பஜ்ஜியும் விற்கிற இடம். 1690இல் அங்கே ஒரு சின்னக் கோட்டை இருந்தது. செஞ்சியிலிருந்து ஆண்ட மராத்திய அரசர் ராஜாராமிடம் பேரம் பேசி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதை வாங்கியது. சென்னையில் அப்போது கம்பெனித் தலைவர் எலிஹு யேல். பேரம் கோட்டைக்கு மட்டும் நடக்கவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுமோ, அதுவரை உள்ள நிலமும் கம்பெனிக்கு என்பது ஏற்பாடு. சென்னையிலிருந்து பெரிய பித்தளைப் பீரங்கி வந்தது. செப்டம்பரில் அதை ஒவ்வொரு திசையாகத் திருப்பிச் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் எல்லையாயிற்று. உள்ளே அகப்பட்ட ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயர் ஆவணங்களில் ஏறியது.

நான் கடலூர்ப் பக்கம் அரசுக் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவள். இந்தக் கதையைப் பழைய தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டில் படித்தபோது, சரித்திர ஆசிரியருக்குத் தோன்றாத ஒரு கேள்வி எனக்குத் தோன்றியது. அன்றைக்குச் சுட்ட பீரங்கிக்காரனிடம், ‘உன் குண்டு வாயைவிட்டுக் கிளம்பும்போது என்ன வேகம்?’ என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்கு மட்டுமில்லை, 1690இல் உலகத்தில் எவருக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி கண்டுபிடிக்க இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஆயின. கண்டுபிடித்தவர் அதே தேவனாம்பட்டினத்துக் கோட்டையில்தான் செத்துப்போனார். எங்கள் ஊரில் அவர் பெயரைச் சொன்னால் பலருக்கும் தெரியாது. பெஞ்சமின் ராபின்ஸ்.

பீரங்கித் தொழில் அதற்குமுன் எப்படி நடந்தது என்று சொன்னால்தான் அவர் செய்த வேலையின் அளவு புரியும். இத்தாலியில் தார்த்தாலியா என்ற கணக்கு வாத்தியார் 1537இல் வெளியிட்ட நூலில், பீரங்கியை 45 பாகை சாய்த்தால் குண்டு அதிக தூரம் போகும் என்று எழுதினார். கலிலியோ 1638இல், எறியப்பட்ட பொருள் பரவளையப் பாதையில் போகும் என்று காட்டினார். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காதபோது அது சரி. அதன்பின் வந்த நூலாசிரியர்கள் காற்றை மறந்தே போனார்கள். இரும்புக் குண்டைக் காற்று என்ன செய்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். பரவளையத்தை வைத்துப் பக்கம் பக்கமாகப் பட்டியல் போட்டார்கள். களத்தில் நின்ற பீரங்கிக்காரன் அந்தப் பட்டியலை மதிக்கவில்லை. மருந்து எவ்வளவு, சாய்வு எவ்வளவு, குண்டு எங்கே விழுந்தது என்று கைப்பழக்கத்தில் சுட்டான்.

இருவரில் யார் சரி என்று தீர்க்க ஒரே வழி வேகத்தை அளப்பது. அதுதான் முடியவில்லை. துப்பாக்கிக் குண்டு 100 அடி தூரத்தைக் கடக்க ஒரு நொடியில் பதினாறில் ஒரு பங்குகூட ஆகாது. அக்காலக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அந்த நேரத்தை எப்படி அளப்பது? கண் பார்க்கும் முன்னே குண்டு மரத்துக்குள் போய்விடும்.

ராபின்ஸ் 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில், வசதியில்லாத குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். குவேக்கர்கள் ஆயுதம் தொடுவதைப் பாவம் என்று ஒதுக்கியவர்கள். அந்த வீட்டுப் பிள்ளைதான் பீரங்கிக்கலையை அறிவியலாக மாற்றியவர். கணக்கு அவருக்குத் தானாக வந்தது. பையனின் திறமையைக் கண்டு லண்டனுக்கு வரச்சொன்னவர் டாக்டர் ஹென்றி பெம்பர்ட்டன். நியூட்டனின் ‘பிரின்சிபியா’வின் மூன்றாம் பதிப்பை 1726இல் கொண்டுவர உதவிய அதே பெம்பர்ட்டன். ராபின்ஸ் 1727இல், இருபது வயதில், ராயல் சொசைட்டியில் உறுப்பினரானார். மறு ஆண்டே ஐரோப்பாவின் பெரிய கணித மேதைகளில் ஒருவரான யோஹான் பெர்னூலியை எதிர்த்து எழுதினார். விஷயம், இரண்டு பொருள்கள் மோதிக்கொள்ளும்போது எது மாறாமல் இருக்கிறது என்பது. அந்த வழக்கு அப்போதே பாதி நூற்றாண்டைத் தாண்டியிருந்தது.

முதலில் பேசியவர் டெகார்ட். உலகத்தில் உள்ள இயக்கத்தின் மொத்த அளவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்று 1644இல் எழுதினார். பொருளின் அளவையும் அதன் வேகத்தையும் பெருக்கினால் வருவதை இயக்கத்தின் அளவு என்றார். கருத்து அருமை, ஆனால் திசையை விட்டுவிட்டார். சம எடையுள்ள இரண்டு களிமண் உருண்டைகள் ஒரே வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், இரண்டும் அப்படியே நின்றுவிடுகின்றன. டெகார்ட் சொன்னபடி பார்த்தால் இருந்த இயக்கம் முழுவதும் காணாமல் போய்விட்டது. அவர் எழுதிவைத்த மோதல் விதிகளில் பெரும்பாலானவை தப்பாகப் போனதற்கு இதுதான் காரணம்.

1668இல் ராயல் சொசைட்டி இந்தக் கேள்வியை மூன்று பேரிடம் விட்டது. ஜான் வாலிஸ், கட்டடக் கலைஞராகவும் புகழ்பெற்ற கிறிஸ்டோஃபர் ரென், ஹாலந்துக்காரர் ஹைகன்ஸ். வாலிஸ் ஒட்டிக்கொள்ளும் மோதலை எடுத்துக்கொண்டார். மற்ற இருவரும் துள்ளிப் பிரியும் மோதலை. 1669இல் மூன்று விடைகளும் அச்சாயின. வலப்பக்கம் போவதைக் கூட்டல் என்றால் இடப்பக்கம் போவதைக் கழித்தல் என்று எழுதவேண்டும். அப்படி எழுதினால் மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்தம் ஒன்றுதான். களிமண் உருண்டைகளுக்கு முன்பும் மொத்தம் பூஜ்யம், பின்பும் பூஜ்யம். எதுவும் தொலையவில்லை. நியூட்டன் 1687இல் இந்த அளவைத் தன் நூலின் இரண்டாவது வரையறையாகவே வைத்தார். விசை என்பது இந்த அளவை மாற்றுவது என்று இரண்டாம் விதியைச் சொன்னார். நம் பாடப்புத்தகத்தில் உந்தம் என்று வருவது இதுதான்: நிறையைத் திசைவேகத்தால் பெருக்கிய தொகை.

இத்துடன் முடிந்திருக்க வேண்டியதை லைப்னிட்ஸ் 1686இலேயே கிளறிவிட்டிருந்தார். நிறையை வேகத்தால் ஒருமுறை பெருக்கினால் போதாது, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கவேண்டும், அதுதான் பொருளின் உயிருள்ள விசை என்றார். ஹாலந்தில் கிராவசாண்டே என்ற பேராசிரியர் 1722 வாக்கில் உலோக உருண்டைகளை மெல்லிய களிமண்ணில் விழவிட்டுப் பார்த்தார். வேகம் இரட்டித்தால் குழி இரண்டு மடங்கு ஆகவில்லை, நான்கு மடங்கு ஆயிற்று. பெர்னூலி அந்தக் கட்சி. ராபின்ஸ் நியூட்டன் கட்சி. கணக்கோடு இங்கிலாந்து, ஜெர்மனி என்ற நாட்டுப் பெருமையும் கலந்து, சண்டை பல ஆண்டுகள் நடந்தது.

வகுப்பில் உந்தம் நடத்தும்போது வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது இந்தச் சண்டையைத் தெரியாமலே கிளப்பிவிடும். “ஏன் மேடம், ஆற்றல்னு ஒண்ணு இருக்கும்போது உந்தம்னு தனியா எதுக்கு?” நல்ல கேள்வி. புத்தகத்தில் இரண்டுக்கும் சூத்திரம் இருக்கிறது. இரண்டும் நிறையிலிருந்தும் வேகத்திலிருந்தும் வருகிறவை. ஒன்று போதாதா? இதற்கு நான் கண்ட மிகச் சரியான பதில் ராபின்ஸ் 1742இல் செய்துகாட்டியது.

அந்த ஆண்டு அவர் ‘நியூ பிரின்சிபில்ஸ் ஆஃப் கன்னரி’ என்ற சின்ன நூலை வெளியிட்டார். அதில் வருகிற கருவியைத் தச்சரும் கொல்லரும் சேர்ந்தால் சில நாளில் செய்துவிடலாம். பாரம் தூக்க நிறுத்துவதுபோல மூன்று கம்பங்களை மேலே கூட்டிக் கட்டி நிறுத்தினார். அதிலிருந்து ஓர் இரும்பு ஊசல் தொங்கியது. ஊசலின் கீழ்ப்பகுதியில் கனமான மரப்பலகையைத் திருகி முடுக்கியிருந்தது. மொத்த எடை 56 பவுண்டும் சொச்சமும். அடியில் ஒரு நாடா கட்டி, அதை ஒரு துளை வழியாக நுழைத்திருந்தார். ஊசல் பின்னால் போனால் நாடா இழுபடும். எவ்வளவு இழுபட்டது என்று அங்குலக் கணக்கில் பார்த்தால் ஊசல் எவ்வளவு ஆடியது என்று தெரிந்துவிடும்.

துப்பாக்கியைப் பலகைக்கு நேராக வைத்துச் சுடவேண்டியது. குண்டு ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடை, முக்கால் அங்குல விட்டம். அது மரத்தில் புதைந்து நின்றுவிடும். ஊசல் மெதுவாகப் பின்னால் போகும். நூலில் அவர் போட்டுக்காட்டிய உதாரணத்தில் நாடா 17¼ அங்குலம் இழுபடுகிறது. ஊசல் எந்த வேகத்தில் கிளம்பினால் அவ்வளவு ஆடும் என்பது ஹைகன்ஸ் காலத்திலிருந்தே தெரிந்த கணக்கு. ஊசலின் எடை எப்படிப் பரவியிருக்கிறது, குண்டு அச்சிலிருந்து எவ்வளவு கீழே பட்டது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், மோதலுக்குப் பின் இருக்கும் உந்தம் கிடைக்கிறது. மோதலுக்கு முன் அந்த உந்தம் முழுவதும் குண்டிடம்தான் இருந்திருக்கவேண்டும். குண்டின் எடையால் வகுத்தால் வேகம் வந்துவிடும்: நொடிக்கு 1,641 அடி. கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை ஆறப்போட்டு, மெதுவாக்கி, ஒரு நாடாவில் அளந்துவிட்டார்.

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன். இதே கணக்கை உந்தத்துக்குப் பதில் ஆற்றலை வைத்துப் போட்டால் என்ன ஆகும்? குண்டின் இயக்க ஆற்றல் அப்படியே ஊசலுக்குப் போனதாக வைத்துக்கொண்டு, ராபின்ஸ் தந்த அளவுகளையே எடுத்து நான் போட்டுப் பார்த்தேன். விடை நொடிக்குச் சுமார் 75 அடி வருகிறது. கிரிக்கெட்டில் நல்ல வேகப்பந்து வீச்சாளர் போடும் பந்து அதைவிட வேகம். தப்பு எங்கே என்றால், குண்டின் ஆற்றலில் ஐந்நூறில் ஒரு பங்குதான் ஊசலின் ஆட்டத்துக்குப் போகிறது. மிச்சமெல்லாம் மரத்தைக் கிழிப்பதிலும், ஈயத்தை நசுக்குவதிலும், சூட்டிலும், சத்தத்திலும் போய்விடுகிறது. அது எவ்வளவு, எது எதற்குப் போனது என்று கணக்கெடுக்க 1742இல் யாராலும் முடியாது. இன்றைக்கும் லேசில்லை.

உந்தத்துக்கு அந்தக் கவலை இல்லை. மரத்துக்குள் நார் எப்படிக் கிழிந்தது, குண்டு எந்தக் கோணத்தில் நசுங்கியது, எவ்வளவு சூடு பிறந்தது என்று அது கேட்பதே இல்லை. குண்டு மரத்தைத் தள்ளினால் மரம் குண்டை அதே அளவு எதிர்த்துத் தள்ளும். ஒன்று இழந்தது மற்றதுக்கு வந்து சேரும். உள்ளே நடந்த கலவரம் எப்படிப்பட்டதானாலும் மொத்தம் மாறாது. உள்ளே என்ன நடந்தது என்று தெரியாமலே முன்னும் பின்னும் மட்டும் வைத்துக்கொண்டு விடை சொல்ல முடிகிற அளவு இது. இதற்காகத்தான் உந்தம் என்று தனியாக ஒன்று வேண்டும். மோதல் முடிந்து ஊசல் மேலே ஏறுகிறபோது ஆற்றல் கணக்குப் பொருந்தும். அங்கே கிழிபடுவதும் நசுங்குவதும் இல்லை. மோதலுக்கு உந்தம், ஏற்றத்துக்கு ஆற்றல். பெர்னூலி, நியூட்டன் இரண்டு கட்சிகளும் தத்தம் இடத்தில் சரியாகத்தான் இருந்தன. ராபின்ஸ் இளமையில் எதிர்த்த கட்சியின் சரக்கும் அவருடைய கருவிக்குள்ளேயே இருந்தது.

வேகத்தை அளக்க முடிந்தவுடன் அடுத்த கேள்விக்கு வழி திறந்தது. துப்பாக்கியை ஊசலிலிருந்து 25 அடி, 75 அடி, 125 அடி என்று தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டார். சராசரி வேகம் முறையே 1,670, 1,550, 1,425 அடி என்று வந்தது. நூறு அடி காற்றைக் கடப்பதற்குள் குண்டு நொடிக்கு 245 அடி வேகத்தை இழந்திருக்கிறது. அந்த உந்தத்தை வாங்கிக்கொண்டது காற்று. குண்டின் மேல் காற்றின் எதிர்ப்பு சுமார் 10 பவுண்டு என்று கணக்கிட்டார். அதாவது குண்டின் சொந்த எடையைப்போல 120 மடங்கு. காற்று ஒன்றும் செய்யாது என்று நூறு ஆண்டுகளாக எழுதிவந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டியதில்லை. ஒலியின் வேகத்தைத் தாண்டியதும் காற்றின் எதிர்ப்புச் சட்டென்று பலமடங்காவதையும் பின்னால் கவனித்து எழுதினார். ஒலியை மிஞ்சும் விமானம் வர இன்னும் இருநூறு ஆண்டு இருந்தது.

நொடிக்கு 1,700 அடி வேகத்தில் 45 பாகையில் கிளம்பும் துப்பாக்கிக் குண்டு, காற்று இல்லாவிட்டால் 17 மைல் போகவேண்டும். உண்மையில் அரை மைலுக்கு உள்ளேயே விழுந்துவிடுகிறது. 24 பவுண்டு பீரங்கிக் குண்டு, பரவளையக் கணக்கின்படி 16 மைல் போகவேண்டும். மூன்று மைலைக்கூட எட்டுவதில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1690ஆம் ஆண்டுப் பத்திரம் ஞாபகம் வந்து சிரிப்பு வரும். தேவனாம்பட்டினத்திலிருந்து புதுச்சேரி 13 மைல். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் 1674இலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த மாதிரிப் பெரிய பீரங்கி ஒன்றைக் காற்றில்லாத உலகத்தில் சுட்டிருந்தால் புதுச்சேரியும் ஒரு குண்டு கிராமம் ஆகியிருக்கும். கம்பெனியின் எல்லையை முதலில் சுருக்கிவைத்தது நவாபும் இல்லை, பிரெஞ்சுக்காரனும் இல்லை. வங்கக் கடல் காற்று.

நூல் வந்த கதையும் ஒரு கதை. வூல்விச்சில் 1741இல் அரசு பீரங்கிப் படைக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அங்கே பேராசிரியர் வேலை கிடைக்கும் என்று எதிர்பார்த்து ராபின்ஸ் பாடத்திட்டம் தயாரித்தார். வேலை வேறொருவருக்குப் போயிற்று. தயாரித்த பாடம் புத்தகமாயிற்று. உள்ளூரில் கிடைக்காத மரியாதை வெளியூரில் கிடைத்தது. பிரஷ்ய அரசர் ஃபிரெடெரிக்குக்காக, பெர்லினில் இருந்த ஆய்லர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து 1745இல் வெளியிட்டார். 1739இல் ராபின்ஸ் ஆய்லரின் இயக்கவியல் நூலைக் கடுமையாகத் தாக்கி எழுதியிருந்தார். ஆய்லர் அதை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் தன் விளக்கத்தைச் சேர்த்து நூலை மூலத்தைவிடப் பலமடங்கு பெரிதாக்கிவிட்டார்.

ஒரே ஓர் இடத்தில் ஆய்லர் சறுக்கினார். குண்டு நேராகப் போகாமல் பக்கவாட்டில் வளைவது ஏன் என்பதில் ராபின்ஸ், குண்டு குழாயின் ஒரு பக்கத்தை உரசிச் சுழல ஆரம்பிக்கிறது, சுழலும் உருண்டையைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளுகிறது என்றார். குழாயின் நுனியை இடப்பக்கம் வளைத்துச் சுட்டு, மெல்லிய காகிதத் திரைகளில் குண்டு போட்ட ஓட்டைகளை வைத்து, முதலில் இடப்பக்கம் கிளம்பிய குண்டு பிறகு வலப்பக்கம் திரும்புவதைக் காட்டினார். ஆய்லர் நம்பவில்லை, குண்டு சரியான உருண்டையாக இல்லாததுதான் காரணம் என்றார். ராபின்ஸ் சொன்னதே சரி. ஆனாலும் அந்த விளைவுக்கு நூறு ஆண்டு கழித்து ஆராய்ந்த மாக்னஸின் பெயர் நிலைத்துவிட்டது.

சுழலை அடக்கி ஆளும் வழியையும் அவரே சொன்னார். குழாயின் உள்ளே திருகுத் தடம் வெட்டினால் குண்டு பறக்கும் திசையையே அச்சாக வைத்துச் சுழலும், தடுமாறாது. 1746இல் அவருக்கு ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தது. மறு ஆண்டு திருகுக் குழாய்த் துப்பாக்கியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்த ஆயுதத்தின் இயல்பை முதலில் முழுதாகப் புரிந்துகொண்டு படைக்குக் கொடுக்கிற நாடு மற்ற நாடுகளைவிட ஓங்கி நிற்கும் என்பது அவர் கணிப்பு. அடுத்த நூற்றாண்டின் நடுவில் ரைஃபிள் படைகளின் கைக்கு வந்தபோது அது பலித்தது.

இந்த மனிதர் கெடிலக் கரைக்கு எப்படி வந்தார்? அதற்குக் காரணம் பிரெஞ்சுக்காரர்கள். 1746 செப்டம்பரில் லா பூர்தோனே சென்னையைப் பிடித்துக்கொண்டார். தப்பித்தவர்களுக்கு, ராபர்ட் கிளைவ் உட்பட, அடைக்கலம் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை. சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையகமே அங்கே மாறியது. பக்கத்துப் புதுச்சேரியிலிருந்து துய்ப்ளே அதையும் பிடிக்கப் பார்த்து முடியாமல் விட்டார். 1748இல் ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவன் பெரும் படையோடு புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றார். முற்றுகை வேலை தெரிந்த பொறியாளர்கள் இல்லை என்பது அந்தத் தோல்வியின் பெரிய காரணங்களில் ஒன்று. ஐரோப்பாவில் சமாதானம் ஆகி 1749இல் சென்னை திரும்பக் கிடைத்தபோது, கோட்டைகளை நம்பத் தகுந்த ஒருவரிடம் ஒப்படைத்தாக வேண்டும் என்று லண்டனில் முடிவானது. ராபின்ஸ் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக நியமிக்கப்பட்டார்.

1749 டிசம்பரில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு, 1750 ஜூலையில் புனித டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். சென்னைக் கோட்டைக்கும் இந்தக் கோட்டைக்கும் புதிய அமைப்பு வரையத் தொடங்கினார். செப்டம்பரில் காய்ச்சல் கண்டது. பிழைத்தார். ஆனால் உடம்பு பழையபடி தேறவில்லை. 1751 ஜூலை 29 அன்று அதே கோட்டையில் இறந்தார். வயது நாற்பத்து நான்கு. கம்பெனிக்கு அனுப்பவேண்டிய அறிக்கையை எழுதிக்கொண்டிருக்கையில், கையில் பேனாவோடு உயிர் போயிற்று என்று அவருடைய எழுத்துகளைத் தொகுத்து 1761இல் வெளியிட்ட நண்பர் ஜேம்ஸ் வில்சன் பதிவுசெய்திருக்கிறார். அடுத்த மாதம் கிளைவ் ஆற்காட்டுக்குப் படையோடு கிளம்பினார். நம் சரித்திரப் புத்தகம் அங்கிருந்து கிளைவின் பின்னால் போய்விடுகிறது. ராபின்ஸைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவர் வரைந்த கோட்டைக்கும் ஆயுள் நீளவில்லை. 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி புனித டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். ஆனால் ராபின்ஸோடு உதவியாளராக வந்த ஜான் கால் என்ற இளைஞர் இங்கேயே இருந்து சென்னையில் தலைமைப் பொறியாளர் ஆனார். அதே லாலி 1758 டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டபோது கோட்டையைக் காத்தவர்களில் அவர் முக்கியமானவர். பிப்ரவரியில் லாலி பின்வாங்கினார். ராபின்ஸ் கப்பலில் கொண்டுவந்து இறக்கியதில் நின்று நிலைத்தது அந்தப் பையன்தான் என்று சொல்லலாம்.

இங்கே ஒன்றைப் பூசிமெழுகாமல் சொல்லவேண்டும். உந்தம் என்ற கருத்தை ஏட்டிலிருந்து எடுத்து முதன்முதலில் பெரிய அளவில் வேலைக்கு வைத்தது பீரங்கி. அந்தப் பீரங்கிகள் யார் பக்கம் நின்றன என்று இந்தக் கரையில் இருக்கிற நமக்குத் தெரியும். அதற்காக ராபின்ஸின் ஊசலை ஒதுக்கவும் வேண்டாம். அவரை வெறும் அறிவியல் முனிவராக வழிபடவும் வேண்டாம். நல்ல கணக்கு யார் கைக்கும் போகும். போன கையைப் பற்றியும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மையான பாடம்.

ஊசல் அவரோடு நின்றுவிடவில்லை. நியூகாசில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, வூல்விச்சில் கணிதப் பேராசிரியரான சார்லஸ் ஹட்டன், 1775இல் அங்கே ஊசலைப் பெரிதாக்கி உண்மையான பீரங்கிக் குண்டுகளை அளந்தார். 1778இல் அவருக்கும் காப்ளி பதக்கம் கிடைத்தது. பின்னாளில் ரம்ஃபோர்ட் பிரபு ஆன பெஞ்சமின் தாம்சன், குண்டு படும் இடத்தை விட்டுவிட்டுத் துப்பாக்கியையே தொங்கவிட்டு, அது பின்னால் உதைத்துக்கொண்டு போகும் தூரத்தை அளந்தார். குண்டுக்கு எவ்வளவு உந்தம் போனதோ அவ்வளவு துப்பாக்கிக்கும் எதிர்த்திசையில் வரும். எதை அளந்தாலும் ஒன்றுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மின்சாரத்தால் இயங்கும் காலமானிகள் வந்தபின் மரப்பலகைகளுக்கு ஓய்வு கிடைத்தது.

கருவி ஓய்ந்தது, யோசனை ஓயவில்லை. 1932இல் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக் ஒரு விசித்திரமான கதிரை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்கு மின்னூட்டம் இல்லை. கருவியில் தடம் விடாது. அவர் அதைப் பார்க்க முயலவில்லை. அது ஹைட்ரஜன் அணுக்கருவை மோதினால் ஹைட்ரஜன் எவ்வளவு வேகமாக எகிறுகிறது, நைட்ரஜனை மோதினால் நைட்ரஜன் எவ்வளவு வேகமாக எகிறுகிறது என்று மட்டும் எடுத்துக்கொண்டார். ஹைட்ரஜனின் வேகம் நைட்ரஜனுடையதைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு. இந்த மோதலில் கிழிவதும் நசுங்குவதும் இல்லாததால் உந்தம், ஆற்றல் இரண்டு கணக்கையும் ஒருசேரப் போட முடிந்தது. மோதிய பொருளின் நிறை புரோட்டானின் நிறைக்குக் கிட்டத்தட்டச் சமம் என்று விடை வந்தது. நியூட்ரான் அப்படித்தான் அகப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத குண்டு, அது தள்ளிவிட்ட பலகையால் அறியப்படுகிறது. ராபின்ஸ் எழுந்து வந்திருந்தால் சாட்விக்கின் சோதனைச்சாலையில் அவருக்கு ஐந்து நிமிடத்தில் எல்லாம் புரிந்திருக்கும்.

நம் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பிலும் கல்லூரியிலும் போடுகிற ஒரு கணக்கு உண்டு. ‘நிறை m உள்ள குண்டு, கயிற்றில் தொங்கும் M நிறையுள்ள மரக்கட்டையில் புதைகிறது, கட்டை h உயரம் எழுகிறது எனில் குண்டின் வேகம் என்ன?’ தேர்வுக்கு ஐந்து மதிப்பெண். நானும் பல வருஷம் அதைப் பலகையில் எழுதி, சூத்திரத்தை வருவித்து, அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறேன். அது யாரோ ஆசிரியர் தேர்வுக்காகக் கட்டிய கற்பனை இல்லை. 1742இல் ஒருவர் மூன்று கம்பம் நட்டுச் செய்தது.

இப்போது இதை நடத்தப்போகிறவர்களுக்கு என் யோசனை இது. சூத்திரத்துக்கு முன்னால் பிள்ளைகளிடம் இரண்டு வழியிலும் போடச் சொல்லுங்கள், ஆற்றலை வைத்து ஒருமுறை, உந்தத்தை வைத்து ஒருமுறை. இரண்டு விடைகளும் இருபது மடங்குக்கு மேல் மாறுபடுவதைப் பார்த்து அவர்களே சண்டை போடட்டும். ஐரோப்பா ஐம்பது ஆண்டுக்கு மேல் போட்ட சண்டையை ஒரு வகுப்பு நேரத்தில் போட்டுவிடலாம். எது சரி, ஏன் சரி என்று தீர்ந்தபின், கடைசி ஐந்து நிமிடத்தில் கோட்டையையும் காய்ச்சலையும் சொல்லுங்கள். கடலூர்ப் பிள்ளைகளாக இருந்தால், அந்த மனிதர் நம் ஊரில்தான் செத்தார் என்றதும் நிச்சயம் நிமிர்ந்து உட்காருவார்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கும் உந்தம் அதற்குள் பிடிபட்டிருக்கும்.